உடனிருந்தவர்கள்

ராஜபாளையத்தில் என் உறவுக்காரர் ஒருவர் வீட்டில், திண்ணை தாண்டியதும் வரும் பட்டாசாலையில் ஒரு குரூப் போட்டோ தொங்கும். தேக்குச் சட்டம். கண்ணாடியின் உள்பக்கம் மழை ஓதம் ஏறி ஒரு மூலை பழுத்திருக்கும். முன்வரிசை முழுக்க நாற்காலிகள். நடு நாற்காலியில் காமராஜர்: தொளதொளவென்ற கதர்ச் சட்டை, தோளில் துண்டு, கேமராவை விட்டுச் சற்றே விலகிய பார்வை. இருபுறமும் ஊர்ப் பெரியவர்கள். பின்னால் நிற்பவர்கள் இரண்டு வரிசை. கடைசி வரிசையில் பெஞ்சு மேல் ஏறி நிற்பவர்களில் இடமிருந்து நான்காவது ஆள் எங்கள் பெரிய தாத்தா. அவர் 1942-இல் ஜெயிலுக்குப் போனவர்.

சின்ன வயதில் எனக்கு ஒரே கேள்விதான். கூட ஜெயிலில் இருந்தவர் என்றால் ஏன் பக்கத்து நாற்காலியில் உட்காரவில்லை? முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பலர் ஜெயில் வாசலையே பார்க்காதவர்கள் என்று பிறகு தெரிந்தபோது கேள்வி இன்னும் கூர்மையானது. போர்க்காலத்தில் ஒரே கம்பிக்குப் பின்னால் கிடந்தவர்களில் ஒருவர் தலைவராகிறார். அவர் ஊருக்கு வருகிறார், மேடை ஏறுகிறார், பழைய தோழர்களைச் சந்திக்கிறார். அந்தச் சந்திப்பு அவருக்கு என்ன, அவர்களுக்கு என்ன, பார்த்துக்கொண்டிருக்கும் ஊருக்கு என்ன? ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் வைத்து இதைப் பார்க்க நல்ல காரணம் உண்டு. இரண்டுக்கும் இடையே பன்னிரண்டு கிலோமீட்டர்கூட முழுசாக இல்லை. அதற்குள் குமாரசாமி ராஜா என்ற ஒரு முதலமைச்சர் பிறந்தார். அந்த ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதி 1952-இல் காமராஜரையும் 1957-இல் முத்துராமலிங்கத் தேவரையும் டில்லிக்கு அனுப்பியது. இந்த மூவருமே சிறை கண்டவர்கள். மூன்று பேரும் தோழமையை மூன்று விதமாகச் சுமந்தார்கள்.

போர் என்றதும் நம்மவர்களுக்குத் துப்பாக்கி ஞாபகம் வருவதில்லை, ஜெயில்தான் ஞாபகம் வரும். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தமிழ்நாட்டில் இருந்தார். 1939 செப்டம்பர் 3 அன்று சென்னைக் கடற்கரையில் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் பிரிட்டன் போரில் இறங்கிய செய்தி அவர் கைக்கு வந்தது. மூன்று நாள் கழித்து மதுரையில் அவரை வரவேற்றவர் தேவர். அடுத்த ஆண்டே தேவர் கைதானார். சில மாதங்கள் நீங்கலாக 1945 வரை அவருக்குச் சிறைதான். மத்திய மாகாணத்துத் தமோ சிறைவரை கொண்டுபோனார்கள். அதே 1940-இல் காமராஜர் தனிநபர் சத்தியாகிரகத்துக்கு ஆட்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு காந்தியைப் பார்க்க வார்தாவுக்குக் கிளம்பினார். வழியிலேயே பிடித்து வேலூர்ச் சிறையில் அடைத்தார்கள். உள்ளே இருக்கும்போதே விருதுநகர் நகராட்சிக்கு அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது ஊர். வெளியே வந்தவர் அந்த நாற்காலியை ஏற்காமல் விலகினார்.

1942 ஆகஸ்டில், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தை அறிவித்த பம்பாய் மாநாடு முடிந்து ரயிலில் திரும்பியவர்களுக்காக அரக்கோணத்தில் போலீஸ் காத்திருந்தது. காமராஜர் சாதாரணப் பயணி போல இறங்கிக் கூட்டத்தோடு நழுவினார். ராணிப்பேட்டை, தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று ஊர் ஊராகப் போய், அங்கங்கே இருந்தவர்களிடம் செய்யவேண்டியதைச் சொல்லிவிட்டு விருதுநகர் வந்து சேர்ந்தார். வேலை முடிந்தது, இனி வந்து பிடித்துக்கொள்ளலாம் என்று போலீசுக்குத் தாமே ஆளனுப்பினார். இந்தக் கதையை அவருடைய சாமர்த்தியத்துக்குச் சான்றாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. ஒவ்வொரு ஊரிலும் ராத்திரி கதவைத் தட்டினால் திறக்க ஒரு ஆள் இருந்தார். அந்த ஆள் யார், எந்தத் தெரு, நம்பலாமா கூடாதா என்பது அவர் மனதில் இருந்தது. பின்னாளில் முதலமைச்சரான பிறகு ஊர் ஊராகச் சுற்றியபோது தொண்டர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார் என்று வியந்து சொல்கிறோமே, அந்த ஞாபகம் மேடையில் பிறந்ததல்ல. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கதவு தட்டிய நாட்களில் ஏறியது.

அமராவதிச் சிறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆகஸ்ட் கைதிகளில் முக்கியமானவர்களை மத்திய மாகாணத்து அமராவதிக்குக் கொண்டுபோனார்கள். சத்தியமூர்த்தி, பிரகாசம், வி.வி. கிரி, சஞ்சீவ ரெட்டி, காமராஜர் எல்லோரும் அங்கே இருந்தவர்கள். அந்தப் பயணத்தில் முதுகுத்தண்டில் அடிபட்ட சத்தியமூர்த்தி அதிலிருந்து மீளவேயில்லை. 1943 மார்ச் 28 அன்று அவர் சென்னையில் காலமானபோது, அவர் கைபிடித்து அரசியலுக்கு அழைத்துவந்த காமராஜர் சிறைக்குள் இருந்தார். குருவின் கடைசி ஊர்வலத்தில் நடக்கக் கொடுத்துவைக்கவில்லை. 1945 ஜூனில்தான் விடுதலை.

ஆனால் சிறை எல்லோருக்கும் ஒரே சிறையாக இருந்ததில்லை. கைதிகளை ஏ, பி, சி என்று பிரித்திருந்தது சர்க்கார். படிப்பு, சொத்து, அந்தஸ்து பார்த்து வகுப்பு. வக்கீலுக்கும் மிராசுதாருக்கும் கட்டில், புத்தகம், கடிதம். தறிகாரருக்கும் கூலிக்காரருக்கும் சி கிளாஸ்: கூழ், அலுமினியத் தட்டு, கூட்டுக் கொட்டடி. ஒரே முழக்கம் போட்டு ஒரே நாளில் கைதானவர்கள் உள்ளே போனதும் வேறு வேறு கட்டடத்துக்குப் போனார்கள். நம் ஊர்க் குரூப் போட்டோக்களில் யார் உட்கார்ந்தார், யார் நின்றார் என்ற கணக்கு அங்கேயே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன். சிறைத் தோழமை சாதியையும் வர்க்கத்தையும் கரைத்துவிட்டதாக எழுதப்பட்ட நினைவுக் குறிப்புகள் பெரும்பாலும் ஏ கிளாஸிலிருந்தும் பி கிளாஸிலிருந்தும் எழுதப்பட்டவை. சி கிளாஸில் இருந்தவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு.

வெளியே வந்ததும் 1942 ஒரு கோடாக மாறியது. ராஜாஜி வெள்ளையனே வெளியேறு போராட்டத்தை ஏற்கவில்லை; அதற்கு முன்பே காங்கிரஸை விட்டு விலகியிருந்தார். அவர் திரும்பி வர முயன்றபோது, மூன்று வருஷம் உள்ளே கிடந்தவர்களுக்கு அது ஆறாத புண்ணாக இருந்தது. ஜெயிலுக்குப் போனவனா போகாதவனா என்பது கட்சிக்குள் உரைகல் ஆயிற்று. 1946-இல் தமிழ்நாடு வந்த காந்தி, ராஜாஜியை எதிர்ப்பவர்களைக் கோஷ்டி என்ற பொருள்பட எழுதியது காமராஜரைக் கடுமையாகக் காயப்படுத்தியது. கட்சியின் தேர்தல் குழுவிலிருந்தே விலகினார். இதில் இருபக்க நியாயமும் எனக்குப் புரிகிறது. பட்ட பாட்டை மதிக்கச் சொல்வது நியாயம். பட்ட பாடே ஆளும் தகுதி என்று ஆகிவிட்டால், பாடு படாத அடுத்த தலைமுறைக்கு வாசல் ஏது?

ராஜபாளையத்து பி.எஸ். குமாரசாமி ராஜா வாழ்க்கை இந்தக் கேள்வியை ஊருக்குள்ளேயே கொண்டுவந்து வைக்கிறது. 1898-இல் பிறந்தவர். பிஞ்சு வயதிலேயே தாயையும் தகப்பனையும் இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். 1927-இல் காந்தி ராஜபாளையம் வந்தார். 1934 ஹரிஜன யாத்திரையின்போது மறுபடியும் வந்தார். ராட்டையும் கதரும் இந்த ஊரில் வேர்விட்ட காலம் அது. இன்றைக்கு மில்லும் பேண்டேஜ் துணியுமாக அறியப்படும் ஊரில் அன்றைக்கு நூற்ற சிட்டத்தை மாலையாகப் போடுவதுதான் பெரிய மரியாதை. ராஜா வசதியான வீட்டுப் பிள்ளை. சத்தியாகிரகத்தில் இறங்கி, சிறை சென்று, காமராஜரின் நம்பிக்கைக்கு உரியவராக ஆனார். 1949 ஏப்ரலில் ஓமந்தூராருக்குப் பிறகு சென்னை மாகாணத்தின் பிரதமர். 1950 ஜனவரி 26 அன்று குடியரசு பிறந்ததும் அந்தப் பதவிக்கு முதலமைச்சர் என்று பெயர் மாறியது.

அந்தக் குடியரசுக்குப் பதினாறு நாள் வயதாகியிருந்தபோது, பிப்ரவரி 11 அன்று, சேலம் சிறைக்குள் கம்யூனிஸ்ட் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் இறந்தார்கள். ஆட்சியில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் கைதியாக இருந்து பழகியவர்கள். இறந்தவர்களின் கட்சியிலோ ஒரு காலத்தில் காங்கிரஸுக்குள் தோளோடு தோள் நின்றவர்கள் பலர். குமாரசாமி ராஜாவின் எளிமையையும் நேர்மையையும் பேசும் எந்தக் கட்டுரையும் இதை விட்டுவிட்டுப் பேசக்கூடாது என்பது என் கருத்து. சிறையின் வலியை அறிந்தவர்கள் கையில் சிறை வந்தால் அது மாறிவிடும் என்று நம்பிய தேசம் இது. மாறவில்லை. சட்டமும் வார்டனும் துப்பாக்கியும் பழையதாகவே இருந்தன; மேலே உட்கார்ந்தவர்தான் புதியவர்.

1952 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. அரிசித் தட்டுப்பாடும் ரேஷனும் மக்களை வாட்டிய நேரம். முதலமைச்சராக இருந்த ராஜா தம் சொந்த மண்ணிலேயே தோற்றார். அதே தேர்தலில், அதே வட்டாரத்தில், காமராஜர் நாடாளுமன்றத்துக்கு வென்றார். தோற்ற பிறகு ராஜா புலம்பவில்லை. பின்பு 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநராக இருந்தார். 1957-இல் மறைந்தார். தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்காகக் கொடுத்துவிட்டார். ராஜபாளையத்தில் அந்தக் கட்டடம் நிற்கிறது. தலைவர்கள் தம் பெயரில் மண்டபம் கட்டிக்கொள்வதைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, இருந்த வீட்டையே கொடுத்தவரின் வாசல் வேறு மாதிரித் தெரியும்.

காமராஜர் ஸ்ரீவில்லிபுத்தூரின் எம்.பி.யாக இருந்தது இரண்டு வருஷம்தான். 1954 ஏப்ரல் 13 அன்று முதலமைச்சராகி, குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று சட்டமன்றத்துக்குப் போனார். 1957-இலும் 1962-இலும் பக்கத்துச் சாத்தூரில் நின்று வென்றார். ஆகவே இந்தச் சுற்றுவட்டாரத்துக்கு அவர் தூரத்துத் தலைவர் ஆகவேயில்லை. மேடையில் அவர் பேச்சு குறைவு. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற தமிழ். அலங்காரம் கிடையாது. கோரிக்கை வைத்தால் "ஆகட்டும், பார்க்கலாம்" என்ற இரண்டே வார்த்தை. அந்த வார்த்தைக்கு முன்னால் அவர் கேட்டுக்கொள்வது அதிகம். எந்தக் கண்மாய் உடைந்தது, எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை, பிள்ளைகள் ஏன் வரவில்லை? இதைக் கேட்க அவருக்கு ஒவ்வொரு ஊரிலும் ஒரு பழைய ஆள் வேண்டியிருந்தது. கலெக்டர் சொல்லும் கணக்கை உரசிப் பார்க்க, பயப்படாமல் உள்ளதைச் சொல்கிற ஆள். 1942-இல் கதவைத் திறந்த அதே ஆள்.

ராஜபாளையத்து ஜவகர் மைதானத்தில் ஒரு கூட்டம் என்றால் ஊர் பார்ப்பது மேடையை. மைக், கொடி, சிட்ட மாலை, வந்தே மாதரம். ஆனால் தலைவருக்கும் பழைய தோழர்களுக்கும் உண்மையான சந்திப்பு நடப்பது கூட்டத்துக்கு முன்னாலோ பின்னாலோ: ஒரு வீட்டு மாடியில், பயணியர் விடுதி வராந்தாவில், கார் கிளம்பும் அந்த இரண்டு நிமிஷத்தில். பேப்பரில் வருவது மேடைதான். ஆட்சியை நடத்தியதில் வராந்தாவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். சந்திப்பு சடங்காக இருந்த இடத்தில் தோழருக்குச் சால்வை கிடைத்தது. காதாக இருந்த இடத்தில் ஊருக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது.

தோழர்கள் என்பதற்காக அவர் பதவியை வாரி வழங்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலமைச்சர் பதவிக்குத் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும், எட்டே பேர் கொண்ட அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். உடன் சிறையிருந்த எத்தனையோ பேர் எதையும் கேட்காமல், எதையும் பெறாமல் ஊரில் கடை வைத்துப் பிழைத்தார்கள். ஆனால் 1947 ஆகஸ்ட் 15 அன்று அவர் போனது சத்தியமூர்த்தியின் வீட்டுக்கு. அங்கே கொடி ஏற்றினார். முதலமைச்சராகப் பதவியேற்கும் முன்னும் அதே வீட்டுக்குப் போய், படத்துக்கு மாலையிட்டு, சத்தியமூர்த்தியின் மனைவியிடம் ஆசி வாங்கினார். அதைத் தேர்தல் பிரசாரமாகச் செய்தவர் அல்ல. 1943-இல் போக முடியாத வீடு அது.

எதிர்க்கட்சியில் இருந்த ஜீவானந்தத்தோடு அவருக்கு இருந்த உறவும் ஊரறிந்தது. முதலமைச்சர் காமராஜர் தாம்பரத்தில் ஜீவாவின் குடிசைக்கு நேரே போனதையும், இருந்த ஒரே வேட்டி காய்ந்த பிறகே ஜீவா அன்று அங்கே நடந்த விழாவுக்கு வந்து சேர்ந்ததையும் இன்றுவரை மேடைகளில் சொல்கிறார்கள். சேலம் சிறையில் செத்தவர்களின் கட்சிக்காரர் ஜீவா. அவர் வீட்டு வாசலில் போய் நின்ற காங்கிரஸ் முதலமைச்சர் இவர். இதையும் சேலத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கவேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்தால் கணக்கு பொய்யாகிவிடும்.

தோழமை முறிந்த கதைக்கு வருகிறேன். 1957-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதி தேவரைத் தேர்ந்தெடுத்தது. முதுகுளத்தூர்ச் சட்டமன்றத் தொகுதியிலும் வென்ற அவர், அதை விட்டுவிட்டு நாடாளுமன்ற இடத்தை வைத்துக்கொண்டார். தேவரும் காமராஜரும் முப்பதுகளில் ஒரே காங்கிரஸில் ஒருவருக்கொருவர் கைகொடுத்தவர்கள். 1957-க்குள் அந்த உறவில் மிச்சம் எதுவும் இல்லை. முதுகுளத்தூர் இடைத்தேர்தலைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. செப்டம்பர் 10 அன்று சமாதானக் கூட்டம். மறுநாள் இரவு பரமக்குடியில் இமானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் போலீஸ் சுட்டு ஐந்து பேர் மாண்டார்கள். மாத முடிவில் தேவரைத் தடுப்புக் காவல் சட்டத்தில் கைது செய்தது காமராஜர் அரசு. கொலை வழக்கில் அவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 1959 ஜனவரியில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரின் முந்தைய எம்.பி. கோட்டையில், இப்போதைய எம்.பி. சிறையில்.

இதில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. இமானுவேல் சேகரனும் 1942-இல் மூன்று மாதம் சிறையில் இருந்தவர். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. பிறகு ராணுவத்தில் சேர்ந்து ஹவில்தாராக இருந்து திரும்பியவர். ஒரே போர்க்காலத்தில் ஒரே ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்ற மூன்று பேர்: காமராஜர், தேவர், இமானுவேல். பதினைந்து வருஷத்தில் மூன்று பேரும் ஒருவரையொருவர் எங்கே நிறுத்திக்கொண்டார்கள் என்று பாருங்கள். சிறைத் தோழமை சாதியின் முன்னால் எவ்வளவு மெல்லிய நூலாக இருந்தது என்பதற்கு இதைவிட வேதனையான சான்று நம் மாவட்டத்தில் இல்லை. இன்றைக்கு இமானுவேலுக்குச் செப்டம்பர் 11 அன்றும் தேவருக்கு அக்டோபர் 30 அன்றும் தனித்தனியே கூட்டம் கூடுகிறது, தனித்தனியே பாதுகாப்புப் போடுகிறார்கள். மூவரும் ஒரே போராட்டத்தின் பிள்ளைகள் என்று எந்தக் கூட்டத்திலாவது ஒருவர் எழுந்து சொல்லமாட்டாரா என்று நான் ஏங்குவதுண்டு.

துப்பாக்கி ஏந்திய தோழர்களுக்கு நேர்ந்தது வேறு. மலேயாவிலும் பர்மாவிலும் ரப்பர் தோட்டத்திலும் கடையிலும் வேலை பார்த்த தமிழர்கள் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெருந்திரளாகச் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் இருந்த பெண்களில் பலர் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் கேப்டன் லட்சுமி. போர் முடிந்தது. தலைவர் திரும்பவில்லை. இவர்கள் மட்டும் திரும்பினார்கள். சுதந்திர இந்தியாவின் ராணுவம் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. தலைவரே இல்லாத ஒரு மறுசந்திப்பைத்தான் அவர்கள் ஆண்டுதோறும் அவர் பிறந்த நாளான ஜனவரி 23 அன்று நடத்தினார்கள்.

நேதாஜி உயிரோடு இருக்கிறார் என்று தேவர் கடைசிவரை நம்பினார், சொன்னார். 1956-இல் ஷா நவாஸ் கான் தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவின் முன் வந்தபோது, போர்க் குற்றவாளிகள் பட்டியலில் போஸ் பெயர் இன்னும் இருக்கிறதா என்று முதலில் சொல்லுங்கள் என்று திருப்பிக் கேட்டார். ஷா நவாஸோ நேதாஜியின் படையில் இருந்து, டில்லிச் செங்கோட்டையில் குற்றவாளிக் கூண்டில் நின்ற அதிகாரி. விமான விபத்தில் தலைவர் இறந்தார் என்று அந்தக் குழுவின் பெரும்பான்மை முடிவெடுத்தது. போஸின் அண்ணன் சுரேஷ் சந்திர போஸ் அதை ஏற்காமல் தனிக்குறிப்பு எழுதினார். ஒரே தலைவனை நேசித்தவர்கள் மூன்று திசையில் நின்றார்கள். விபத்தில் அவர் இறந்தார் என்பதையே நான் ஏற்கிறேன். ஆனால் தேவரின் நம்பிக்கையைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தலைவர் திரும்பி வருவார் என்று காத்திருந்தவர்கள், நாடு தங்களைத் திரும்பிப் பார்க்கும் என்றும் சேர்த்தேதான் காத்திருந்தார்கள்.

தோழர்களின் இப்படிப்பட்ட மறுசந்திப்பை வெளிநாட்டில் எப்படிச் செய்தார்கள்? பிரான்சில் டெ கால் 1940-லேயே விடுதலைத் தோழர்கள் என்று ஒரு விருதை நிறுவினார். மொத்தம் 1,038 பேருக்குத்தான் அது. போர் முடிந்ததும் கணக்கை மூடிவிட்டார்கள். ஜூன் 18-தோறும் பாரீஸ் அருகே மோன் வலேரியன் குன்றில் அவர்கள் கூடுவார்கள். கடைசித் தோழருக்கு என்று ஒரு கல்லறை காலியாக வைக்கப்பட்டிருந்தது. 2021-இல் உபேர் ழெர்மேன் இறந்தபோது அது நிறைந்தது. கட்டுக்கோப்பான, கண்ணியமான ஏற்பாடு. ஆனாலும் எண்ணிக்கையை மூடியபோது வெளியே நின்றவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெண்கள் அதில் ஆறே பேர்.

எனக்கு மனதில் தங்கியது தென்னாப்பிரிக்காவின் சிறைத் தீவான ராபன் தீவு. 1995 பிப்ரவரியில், குடியரசுத் தலைவராகியிருந்த மண்டேலா பழைய கைதிகள் நூற்றுக்கணக்கானவர்களோடு அங்கே திரும்பிப் போனார். தாங்கள் வருஷக்கணக்காக வெட்டிய சுண்ணாம்புக்கல் குழிக்குள் இறங்கினார்கள். கிளம்பும்போது அவர் ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைத்தார். பின்னால் வந்த ஒவ்வொருவரும் ஒரு கல்லை எடுத்து அதன் மேல் வைத்தார்கள். அந்தக் குவியல் இன்றும் இருக்கிறது. எது யார் வைத்த கல் என்று அதில் தெரியாது. நம்மிடம் வேலூர் இருந்தது, திருச்சி இருந்தது, அலிப்பூர் இருந்தது, அமராவதி இருந்தது. தலைவரும் சி கிளாஸ் கைதியும் சேர்ந்து அப்படி ஒருநாள் அங்கே திரும்பிப் போயிருக்கலாம்.

அமராவதித் தோழர்கள் மறுபடி சந்தித்தது 1969-இல், குடியரசுத் தலைவர் தேர்தலில். ஒருபக்கம் கிரி, ஒருபக்கம் சஞ்சீவ ரெட்டி. காமராஜர் ரெட்டிக்காக நின்றார். இந்திரா காந்தியின் ஆதரவோடு கிரி வென்றார். காங்கிரஸே இரண்டாயிற்று. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1967-இல், காமராஜர் விருதுநகரில் 1,285 வாக்கில் பெ. சீனிவாசன் என்ற இளைஞரிடம் தோற்றிருந்தார். அரிசியும் இந்தியும் அந்தத் தோல்விக்குக் காரணம் என்பது தெரிந்ததே. அதோடு இன்னொன்றையும் சேர்ப்பேன். அவருடைய காதாக இருந்த பழைய ஆட்களுக்கு வயதாகிவிட்டது. கல்லூரி வாசலிலும் டீக்கடையிலும் பேசப்பட்டது அவர்கள் காதில் விழவில்லை.

1972-இல் சுதந்திர வெள்ளி விழா. ஆகஸ்ட் 15 தேதியிட்டு, இந்தி எழுத்தில், பிரதமர் இந்திரா காந்தியின் பெயர் பொறித்த தாமிரப் பட்டயம் தியாகிகளுக்கு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் அதை வாங்கியவர்களில் எத்தனையோ பேர் காமராஜரின் ஆட்கள். அவரோ அப்போது எதிர் முகாமில். பட்டயத்தை வாங்குவதா, விடுவதா என்று சில வீடுகளில் சாப்பாடு இறங்காத நாட்கள் இருந்தன. பெரும்பாலோர் வாங்கிக்கொண்டார்கள். கொடுத்தது கட்சி அல்ல, தேசம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். அது சரியான சமாதானம்தான்.

பட்டயத்தோடு பென்ஷனும் வந்தது. மாதம் 200 ரூபாய். வருஷ வருமானம் 5,000-க்குள் இருக்கவேண்டும், குறைந்தது ஆறு மாதம் சிறையில் இருந்திருக்கவேண்டும். 1980-இல் வருமான வரம்பை எடுத்துவிட்டார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஜெயில் ரிக்கார்டு கிடைக்கவேண்டும். முப்பது வருஷப் பழைய பதிவேடு பல இடங்களில் செல்லரித்துப் போயிருந்தது. பெயர் தப்பாக இருக்கும், தகப்பன் பெயர் இருக்காது, ஊர் பெயர் வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி இருக்கும். அப்போது கேட்டார்கள்: கூட இருந்தவர் யாராவது சான்று கொடுப்பாரா? இன்னார் இந்தச் சிறையில் இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை என்னோடு இருந்தார் என்று, ஏற்கெனவே சிறைவாசம் உறுதியானவர் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும்.

முப்பது ஆண்டுத் தோழமை இப்படித்தான் ஒரு படிவமாயிற்று. இதில் பொய்ச் சான்றுகளும் நுழைந்தன, கேஸ்கள் நடந்தன, கோர்ட் வரை போனது. அதை வைத்து எல்லாத் தியாகிகளையும் சந்தேகப்பட்டது பெரிய அநீதி. உண்மையாகவே கூழ் குடித்தவர், கூட இருந்தவர்கள் எல்லோரும் செத்துப்போன ஒரே காரணத்தால் சான்று கிடைக்காமல் ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்த நாட்டில் தியாகத்துக்கும் ஒரு சாட்சி தேவைப்பட்டது. சாட்சி சொல்லப் பெரிய தலைவர்கள் கையில் கிடைக்கவில்லை. 1975 அக்டோபர் 2 அன்று காமராஜர் போய்விட்டார். நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. 1942-இல் ஹசாரிபாக் சிறைச் சுவரைத் தாண்டிய ஜெயப்பிரகாஷ் நாராயண் மறுபடியும் காவலில் இருந்தார். ஊரில் மிஞ்சியவர்கள் போட்டோவின் கடைசி வரிசைக்காரர்கள்தான்.

எங்கள் பெரிய தாத்தாவின் ரிக்கார்டு நல்லவேளையாகக் கிடைத்துவிட்டது. ஆகவே அவர் மற்றவர்களுக்குச் சான்று கொடுக்கக்கூடியவர் ஆனார். ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வயசாளிகள் பஸ் பிடித்து வருவார்கள். சும்மா கையெழுத்துப் போடமாட்டார். எந்த பிளாக், பக்கத்தில் யார் படுத்தார், கூழ் ஊற்றியவன் பெயர் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பதில் சரியாக வந்தால் எழுந்து கட்டிப் பிடித்துக்கொள்வார். அதுவரை அடையாளம் தெரியாமல்தான் உட்கார்ந்திருப்பார்கள் இரண்டு பேரும். கருப்பட்டிக் காப்பி வரும். அப்புறம் படிவத்தை மடியில் வைத்து, கீழே ஒரு பழைய பஞ்சாங்கத்தை அண்டக் கொடுத்து, நிதானமாகக் கையெழுத்து.

அவர் போன பிறகு பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடைத்தது. பெயர், ஊர், சிறை, எதிரே ஒரு தேதி: சான்று கொடுத்த நாள். சில பெயர்களுக்கு எதிரே பச்சை மையில் இரண்டாவதாக ஒரு தேதி இருந்தது. அது என்ன என்று பாட்டியிடம் கேட்டேன். துஷ்டிக்குப் போய்வந்த நாள் என்றார்.